ஆர்மோனியக்காரர் கையில் கொடுத்தனுப்பியவை

எனக்குப் பாட வராது. இருந்தும் நான்கு வருடம் மாதா கோவில் பாடகர் குழுவில் இருந்தேன். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் சாமியாரால் என்னை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பாட்டு மாஸ்டர் என்னை ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டார். கண்களை மூடிக்கொண்டார். பிறகு, என் குரல் அஸ்திவாரம் மாதிரி, அது வெளியே தெரியக் கூடாது, ஆனால் இருக்க வேண்டும், அதனால் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. இந்தக் கதை நடந்தபோது பத்தொன்பது. பி.ஏ. இரண்டாம் வருடம்.

எங்கள் கோவில் சாந்தோமில் இருக்கும் பெரிய கோவில் அல்ல. அதற்குச் சில தெருக்கள் தள்ளி, மீன் காயும் வாசனைக்கும் சாம்பிராணி வாசனைக்கும் நடுவில் இருந்த சின்னக் கோவில். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து அதிக நாள் ஆகவில்லை. அதுவரை யாருக்கும் புரியாமல் பாடிக்கொண்டிருந்தவர்கள், இப்போது எல்லோருக்கும் புரியும்படி தப்பாகப் பாடினோம். மாஸ்டர் பகலில் கோடம்பாக்கத்தில் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசிப்பவர். கதாநாயகி அழும்போது பின்னால் அழுகிற வயலின்களில் ஒன்று அவருடையது. சாயங்காலம் அதே வயலினைத் துடைத்துக்கொண்டு கடவுளிடம் வருவார்.

ஆர்மோனியம் வாசித்தவர் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனையாளர். நாற்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, எப்போதும் ஒரு இளஞ்சிரிப்பு. பன்னிரண்டு வருடமாக அந்தப் பெட்டியை வாசித்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பாட்டுகள் பெருகியதும் மாஸ்டருக்கு ஒரு உதவியாளர் தேவைப்பட்டார். ஆர்மோனியக்காரர்தான் என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் நினைத்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாஸ்டர் அறிவித்தது வேறு ஆளை. அடையாற்றிலிருந்து வந்து சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு வங்கிக் குமாஸ்தா. கிருதா வைத்தவர், கிட்டார் வாசிப்பவர். கோவிலுக்குள் கிட்டாரா என்று பெரிசுகள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஆர்மோனியக்காரர்தான் முதலில் போய்க் கிட்டார்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல ஆளாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள் என்று மாஸ்டரிடமும் சொன்னார். எவ்வளவு பெரிய மனசு என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

அடுத்த வாரமே அந்தப் பெரிய மனசு என்னைக் கச்சேரி ரோட்டில் ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போனது.

மாஸ்டருடைய தங்கை மகள் அவர் வீட்டில் தங்கி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவில் முதல் வரிசை. மேல் ஸ்தாயியில் அவள் ஏறும்போது கோவில் கூரையில் இருக்கும் புறாக்கள்கூட ஒரு கணம் அடங்கும் என்று எனக்குத் தோன்றும். நான் அவள் பின்னலைப் பார்த்தபடிதான் நான்கு வருடமும் வாயை அசைத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

டீ வந்ததும் ஆர்மோனியக்காரர் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "தம்பி, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாத. மாஸ்டர் வூட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பொண்ணு உன்னப் பத்திக் கேட்டுச்சு. கடைசி வரிசைல ஒருத்தர் அமைதியா பாடுறாரே, அவரு யாருன்னு."

அமைதியாகத்தான் பாடினேன், அதில் பொய் இல்லை. மீதி முழுவதும் பொய் என்று எனக்கு உறைக்க ஏழு மாதம் ஆயிற்று.

நானே போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பேசலாம், ஆனால் மாமன் வீட்டில் அண்டி இருக்கிற பெண், மாஸ்டர் காதில் விழுந்தால் அவளைத்தான் ஊருக்கு அனுப்புவார், உனக்கென்ன, நீ ஆம்பிளை என்றார். அவளுக்காக நான் வெட்கப்பட்டேன். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தன்னிடம் கொடுத்தனுப்பும்படி அவரே சொன்னார். அவர் வாரம் இரண்டு முறை ஒத்திகை பார்க்க மாஸ்டர் வீட்டுக்குப் போகிறவர், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலில் பாண்டி பஜாரில் வாங்கிய ஒரு ஜோடி ஹேர்கிளிப். பிறகு ஒரு பவுடர் டப்பா. கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்த கேக்கில் பாதி. அது எப்படிக் குறைந்தது என்று அம்மா எலிப்பொறி வாங்கி வைத்தாள். ஒரு நல்ல பூப்போட்ட குடை. ஒவ்வொன்றுக்கும் ஆர்மோனியக்காரர் பதில் கொண்டுவந்தார். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். குடையை விரித்து வீட்டுக்குள்ளேயே நின்றாளாம். இந்த மாதிரி விவரங்களில் அவர் மன்னன். ஜவுளிக்கடையில் ஒரே புடவையை ஏழு விதமாக விரித்துக் காட்டிப் பழகிய கை அது.

ஒருமுறை எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. அவள் என்னை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லையே என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஞாயிறு பூசையில், காணிக்கைப் பாட்டு முடிந்ததும் அவள் இரண்டு தடவை இருமினால் உன்னை நினைக்கிறாள் என்று அர்த்தம், அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றார். அந்த ஞாயிறு அவள் இருமினாள். காணிக்கைப் பாட்டு முடியும்போதுதான் சாமியார் தூபக்கலசத்தை ஆட்டுவார். சாம்பிராணிப் புகையில் கோவிலே இருமியது. பாடகர் குழுவில் ஒன்பது பேர் இருமினார்கள், ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. எனக்கு அவளுடைய இரண்டு இருமல் மட்டும்தான் கேட்டது.

அதற்குப் பரிசாகத்தான் டிரான்சிஸ்டர் போனது. கப்பலில் வேலை பார்த்த என் அக்கா புருஷன் சிங்கப்பூரிலிருந்து எனக்கென்று கொண்டுவந்தது. தோல் உறை போட்டது, தோளில் மாட்டிக்கொள்ள வார் உண்டு. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அந்த மாதிரி கிடையாது. வீட்டில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் ரெடியாகிவிட்டதா என்று கேட்பார். ஒரு பாகம் ஜப்பானிலிருந்து வர வேண்டும் என்பேன். அப்பா நம்பினார். எங்கள் குடும்பத்தில் அது ரத்தத்திலேயே இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லூரியில் அப்போது எங்களுக்கு ஒரு ஆங்கிலத் துன்பியல் நாடகம் பாடம். அதில் ஒரு பணக்கார அசடு வருகிறான். கல்யாணமான ஒருத்தி மேல் அவனுக்கு ஆசை. அவளிடம் சேர்த்துவிடுகிறேன் என்று வில்லன் அவன் நகைகளை எல்லாம் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறான். அசடு காட்சிக்குக் காட்சி வந்து, இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்கிறான், வில்லன் ஏதோ சொல்ல, சரியென்று போகிறான். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று வகுப்பே சிரித்தது. பேராசிரியர் எங்களைப் பார்த்து, இந்தப் பாத்திரம் நாடகத்துக்கு எதற்கு என்று கேட்டார். நான் எழுந்து, வில்லனுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா சார் என்றேன். பெரிய சிரிப்பு. அன்றைக்குச் சாயங்காலம்தான் குடை வாங்க லஸ்ஸுக்குப் போனேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ஆர்மோனியக்காரர் ஒருநாள் மிகவும் வருத்தத்தோடு ஒரு செய்தி சொன்னார். கிட்டார்காரரும் அவளுக்கு வலை வீசுகிறார், மாஸ்டர் வீட்டில் அவள் முன்னாலேயே என் குரலைப் பற்றி, எருமை தண்ணீருக்குள் கத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள் என்றார். என் குரலை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கே அது கேட்காது.

என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். கைகலப்பெல்லாம் கூடாது, நாம் கோவில் பிள்ளைகள் என்றார். ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த ஆளுக்குத் தன் சுருதி மேல் பெரிய கர்வம். குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தில், எல்லோரும் பார்க்கும்போது, சுருதி சேரவில்லை என்று மட்டும் சொல். ஆடிப்போவான். அவளும் பக்கத்தில்தான் இருப்பாள், உன் தைரியத்தைப் பார்ப்பாள்.

குருத்தோலை ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் சிலுவை, பின்னால் பூசை உதவிப் பிள்ளைகள், சாமியார், அப்புறம் நாங்கள். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவர் வாசித்தார். கிட்டார்காரர் பக்கத்தில். எல்லோர் கையிலும் குருத்தோலை. மூன்றாவது சரணத்தில் ஏதோ ஆயிற்று. கிட்டார் ஒரு பக்கம், ஆர்மோனியம் ஒரு பக்கம் என்று பாட்டு இரண்டாகப் பிளந்தது. ஆர்மோனியக்காரர் யாருக்கும் தெரியாமல் சுருதியை அரைக்கட்டை ஏற்றிப் பிடித்துவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த நேரத்தில், என் வார்த்தைக்குத் தெய்வமே துணை நிற்கிறது என்றுதான் தோன்றியது. கடைசி வரிசையிலிருந்து முன்னால் போய்ச் சொன்னேன்.

"சார், சுருதி சேரல."

கிட்டார்காரர் திரும்பிப் பார்த்தார். நான்கு வருடமாக வாயை மட்டும் அசைத்தவன் வந்து அவரிடம் சுருதியைப் பற்றிப் பேசுகிறேன். அதோடு, அவர் மாஸ்டருக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்துத்தான் இந்தப் பதவியைப் பிடித்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவதாக ஆர்மோனியக்காரர் முந்தின நாளே அவர் காதில் போட்டிருந்தார். இதுவும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர் கிட்டாரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, கையிலிருந்த குருத்தோலையால் என் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

குருத்தோலை பார்க்கத்தான் மென்மை. ஓரம் கத்தி மாதிரி கிழிக்கும். நானும் என் ஓலையால் திருப்பிக் கொடுத்தேன். பின்னால் வந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால் அவர்கள் ஓசன்னா பாடிக்கொண்டே எங்களைச் சுற்றிப் போனார்கள். விலக்க வந்த கோவில் உபதேசியாரின் கண்ணாடி கீழே விழுந்தது. அவரும் யாரையோ அடித்தார். எதிரே வந்த பஸ் நின்றது. ஒரு ரிக்‌ஷாக்காரர் பெடலில் கால் வைத்தபடி, "இன்னா நைனா, சாமி வர சொல்லவே சண்ட போட்டுக்கினு கீறீங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது.

மாஸ்டர் நடுத்தெருவில் நின்றார். வயலினை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அவர் என்னை ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை. கிட்டார்காரரிடம் மட்டும், இனிமேல் நீங்கள் எனக்கு உதவியாளர் இல்லை, பின்னால் போய் ஜனங்களோடு நில்லுங்கள் என்றார். கிட்டார்காரர் போனார். ஆர்மோனியக்காரர் துருத்தியை அமுக்கி அடுத்த சரணத்தை எடுத்தார். நான் முன்வரிசையைப் பார்த்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கன்னத்தில் பிளாஸ்திரியோடு, பாராட்டு வாங்குவதற்காக மந்தைவெளியில் ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் போனேன். அதுவரை அவர் என்னை வீட்டுக்கு அழைத்ததே இல்லை. அவர் கடைக்குப் போயிருந்தார். வாசலுக்கு நேராக, தையல் மிஷினில் அவர் மனைவி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். மிஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. தோல் உறை, தோள் வார். ஆணியில் பூப்போட்ட குடை. அந்த அம்மாள் தலையில் ஒரு ஜோடி கிளிப்.

எனக்கு அப்போதும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவளிடமிருந்து கடன் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

"குந்து தம்பி," என்றார் அந்த அம்மாள். "நீதானா அந்தக் கடைசி வரிசைத் தம்பி? உங்க அண்ணன் சொல்லிக்கினே இருப்பாரு. எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லைன்னு நீ எம்மேல அவ்ளோ பாசம் வெச்சிக்கினு கீறியாமே. ரேடியோல்லாம் குடுக்கலாமா? வேணாம்னேன், அவருதான் உம்மனசு நோவும்னாரு."

உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டேன். தண்ணீரைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு என்று கொடுத்தனுப்பியது, இருமல், எருமை, சுருதி எல்லாம். அந்த அம்மாள் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டார். கடைசியில் தலையிலிருந்த கிளிப் இரண்டையும் கழற்றி மிஷின் மேல் வைத்தார். ரேடியோவை அணைத்தார்.

"புதன்கிழம பாட்டு பழக வருவீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் அவசரத்துக்குப் போட்ட புது உதவியாளராக ஆர்மோனியக்காரர் எங்களை எண்ணி நிறுத்திக்கொண்டிருந்தார். கிட்டார்காரரையும் மாஸ்டர் விசாரிக்க வரச் சொல்லியிருந்தார், அவர் கதவோரம் நின்றார். அந்த அம்மாள் கையில் ஒரு பிரம்புக் கூடையோடு நேராக ஆர்மோனியத்திடம் வந்தார். பெட்டியின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கிளிப். பாதி தீர்ந்த பவுடர் டப்பா. குடை. டிரான்சிஸ்டர். கடைசியாக ஒரு பெண்கள் கைக்கடிகாரம்.

கைக்கடிகாரம் நான் கொடுத்ததில்லை.

"மாஸ்டரே, இதெல்லாம் உங்க தங்கச்சி பொண்ணுக்குன்னு இந்தத் தம்பி குடுத்தனுப்பினது. எனக்குன்னு சொல்லி இந்த மனுசன் வூட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. கேக்கு மட்டும் இல்ல. அதத் துன்னுட்டோம்." அப்புறம், ஊர்வலத்தில் நடந்ததற்கும் யார் காரணம் என்பதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். நான் சொன்னபோது அதற்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மாஸ்டர் ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் கைக்குட்டையால் கட்டைகளைத் துடைத்துவிட்டு, "ஒத்திகைக்கு நேரமாவுது மாஸ்டர்" என்றார்.

அவள் முன்வரிசையிலிருந்து திரும்பினாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். பிளாஸ்திரியோடு.

"நேரா எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். "வேணாம்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்களுக்கு ரேடியோவாவது மிஞ்சியிருக்கும்."

டெலிபோனில் தினம் ஆயிரம் பேருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிப் பழகியவள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வர வேண்டும், ஆனால் நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கிட்டார்காரருக்கு அங்கேயே பதவி திரும்பக் கிடைத்தது. சாமியாருக்கு விஷயம் போனது. அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் பெரிய வியாழன் பூசையில், இயேசுவின் சீடர்கள் மாதிரி பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் எங்கள் மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். முதலில் ஆர்மோனியக்காரர், நடுவில் நான், அப்புறம் கிட்டார்காரர். என் காலை மட்டும் சாமியார் கொஞ்சம் அழுத்தித் தேய்த்த மாதிரி இருந்தது. ஆர்மோனியக்காரர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அது நிஜமா என்று நான் குனிந்து பார்த்தேன். இன்றுவரை தெரியாது.

ஈஸ்டருக்கு ஆர்மோனியம் அவர்தான் வாசித்தார். வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவரைத் தள்ளி வைத்தால் உயிர்த்த ஆண்டவருக்குச் சுருதி கிடையாது. அன்றைக்கு அவர் வாசித்த மாதிரி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவ்வளவு நன்றாக வாசித்தது எனக்குக் கோபமாக இருந்தது.

டிரான்சிஸ்டர் வீட்டுக்கு வந்தது. அப்பா காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ரிப்பேர் பண்ணியவன் கெட்டிக்காரன் என்றார்.

ஈஸ்டர் முடிந்த வாரம் மன்னிப்புக் கேட்க அடையாற்றுக்குப் பஸ் ஏறினேன். கிட்டார்காரர் கதவைத் திறந்து என் கன்னத்தைப் பார்த்தார், காய்ந்துவிட்டதா என்று கேட்டார். அவர் அம்மா காபி கொடுத்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார். "அந்த வாட்ச் என்னுது."

காபி புரையேறியது.

"அவளுக்கு நேரம் பாக்கத் தொந்தரவா கீதுன்னு சொன்னாரு," என்றார், ஆர்மோனியக்காரரின் குரலிலேயே. "வாட்ச் கட்டிக்கினு கண்ணாடி முன்னால நின்னாளாம்."

அவருக்கும் இருமல் சொல்லப்பட்டிருந்தது. என்னைவிட அவருக்கு ஒரு இருமல் அதிகம், மூன்று. நாங்கள் இருவரும் ஒரே புகையில் ஆளுக்கொரு கணக்காக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம். பி.காம். படித்தவர், வங்கியில் ஊரார் கையெழுத்தை எல்லாம் சரிபார்க்கிறவர். அதைக் கேட்டதும் எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சாமியாரின் எந்தப் பிரசங்கமும் தந்ததில்லை. அந்தச் சாயங்காலம் அடையாறு பாலம் வரை பேசிக்கொண்டே நடந்தோம். வாட்சை அவர் பிற்பாடு தன் தங்கைக்குக் கொடுத்தார்.

அவள் அடுத்த வருடம் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனாள். அங்கேயே எக்ஸ்சேஞ்சில் ஒருவரை, நேராகப் போய்க் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன், கல்யாணம் செய்துகொண்டாள். நான் பாடகர் குழுவை விட்டு விலகி, காணிக்கைப் பை தூக்கும் வேலைக்கு மாறினேன். அதற்குக் குரல் தேவையில்லை. நான் விலகியதால் பாட்டில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று மாஸ்டர் அன்பாகச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்துக் கிட்டார்காரருக்கு வங்கியில் மதுரைக்கு மாற்றல் வந்தது. உதவியாளர் பதவி காலியானது. யாரைப் போடுவது என்று கூட்டம் நடந்தது. அனுபவத்தில் மூத்தவர் என்று ஆர்மோனியக்காரரையே போட்டார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பழைய கதையை ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. பங்குத் திருவிழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தன் கடைச் சரக்குதான் அது என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் கைதட்டினேன். முதல் வரிசையில் அவர் மனைவி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கைதட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவரைப் பார்த்து, பொன்னாடையை மடித்துத் தன்னிடம் கொடுக்கும்படி கையை நீட்டினார்.